எத்தனை விரற்கடைத் தண்ணீரில் நின்றது? பள்ளிக்கரணைக்கு வரும் பறவை நோக்கர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் பறவை நோக்கர்களுக்கும், பெரிய லென்ஸோடு பள்ளிக்கரணைக்கு வந்துபோகும் ஒளிப்படக்காரர்களுக்கும்,

வணக்கம்.

தென்சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பில் தண்ணீர் இறங்கத் தொடங்கும் ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, பறவைக் குழுக்களின் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரியான செய்தி வந்துகொண்டே இருக்கும். தூரத்தில் எடுத்த மங்கலான படம் ஒன்று. அதன் கீழே, "அரிய உள்ளான், பள்ளிக்கரணை, இன்று காலை" என்று ஒரு வரி. அடுத்த ஞாயிறு சாலையோரம் வண்டிகள் வரிசைகட்டும். பறவை இடம் மாறியிருக்கும். கடைசியில் மிஞ்சுவது, பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. இப்படிப் போன பதிவுகள் ஏராளம். அவற்றில் பாதியையாவது காப்பாற்றியிருக்கலாம் என்பதால்தான் இந்த மடல்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றே. உள்ளான், மூக்கன் போன்ற அபூர்வமான கரைப்பறவை ஒன்றைக் கண்டால், அதன் பெயரை எழுதும் அதே வரியில், அது எத்தனை விரற்கடை, அதாவது எத்தனை விரல் அகலத் தண்ணீரில் நின்று மேய்ந்தது என்பதையும் எழுதுங்கள். பெயர் உங்கள் பட்டியலுக்குப் போகும். ஆழம் சதுப்பின் கணக்குக்குப் போகும்.

ஆழத்துக்கு ஏன் இத்தனை அழுத்தம் என்று கேட்கலாம். கரைப்பறவைகளுக்குக் காலும் அலகும்தான் எல்லை. கொசு உள்ளானுக்கு ஈரச்சேறோ ஒரு விரற்கடைக்கும் குறைவான தண்ணீரோ வேண்டும். பொரி உள்ளானுக்கு இரண்டு விரற்கடை போதும். பச்சைக்காலியும் கருவால் மூக்கனும் நாலைந்து விரற்கடை வரை இறங்கும். நெடுங்கால் உள்ளான் அதற்கும் மேலே போகும். ஒரு விரற்கடை என்பது ஏறத்தாழ இரண்டு செ.மீ. ஆக, கொசு உள்ளான் மேயும் இடத்தில் ஒரு சாண் தண்ணீர் ஏறினால் போதும், அங்கே கரைப்பறவை என்று எதுவுமே நிற்க முடியாது. வாத்து வரும், நாமக்கோழி வரும், கூழைக்கடா வரும். தண்ணீர் நிறைந்து கிடப்பதைப் பார்க்கிறவர்களுக்குச் சதுப்பு செழிப்பாக இருப்பதாகத் தோன்றும். சைபீரியாவிலிருந்து வந்த உள்ளானுக்கு அது கடந்து போக வேண்டிய ஓர் ஏரி, அவ்வளவுதான்.

ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் பள்ளிக்கரணையை ஆழப்படுத்த வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. வெள்ளத்தில் வீடு மூழ்கியவர்களின் கவலை நியாயமானது. தென்சென்னையின் ஏறத்தாழ 250 சதுர கி.மீ. பரப்பில் பெய்யும் மழை இந்தச் சதுப்புக்குத்தான் வந்து சேர்கிறது. ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைத் தொடுகிறது. மடுவையும் கால்வாயையும் சீராக வைத்திருப்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. சதுப்பின் சேற்றுப் பரப்பையே தோண்டி எடுப்பது வேறு விஷயம். அந்தச் சேறு தூர் இல்லை, உணவு. எந்த இடம் அப்படிப்பட்ட உணவுத் தட்டு என்று சொல்வதற்கு நம்மிடம் என்ன கையிருப்பு? படங்கள் குவிந்து கிடக்கின்றன. ஆழத்தோடு சேர்ந்த பதிவு அரிதாகவே இருக்கிறது.

ஆழத்தை அளக்கச் சேற்றில் இறங்க வேண்டாம், இறங்கவும் கூடாது. அளவுகோல் பறவையின் காலிலேயே இருக்கிறது. பறவையின் காலில் பின்னோக்கி மடங்கும் மூட்டை நாம் முழங்கால் என்கிறோம். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கும். அந்த மூட்டிலிருந்து பாதம் வரையான நீளம் இனத்துக்கு இனம் ஏறக்குறைய நிலையானது. கொசு உள்ளானுக்கு 2 செ.மீ., பொரி உள்ளானுக்கு 4-க்குச் சற்றுக் குறைவு, பவளக்காலிக்கு 5-ஐ ஒட்டி, கருவால் மூக்கனுக்கு 6 முதல் 8, நெடுங்கால் உள்ளானுக்கு 12-ஐ ஒட்டி. தண்ணீர் மூட்டைத் தொடுகிறதா, அதற்கும் கீழே பாதியா, வயிற்றைத் தொடுகிறதா என்று பாருங்கள். "நெடுங்கால் உள்ளானின் மூட்டுக்குப் பாதி" என்று எழுதினாலே அது ஆறு செ.மீ. தண்ணீர். நீங்கள் தேடி வந்த பறவையின் கால் அளவு தெரியாவிட்டாலும் பக்கத்தில் நெடுங்கால் உள்ளான் ஒன்று நிற்காமல் இருக்காது. ஒரு எச்சரிக்கை: பறவை நின்றுகொண்டிருக்கும்போது பாதம் சேற்றில் புதையும். அதனால் பறவை நடக்கும்போது பாருங்கள். மூன்று நான்கு அடி எடுத்து வைப்பதற்குள் உண்மை ஆழம் தெரிந்துவிடும்.

இனி, பெயரைச் சரியாகச் சொல்வது.

கேள்விக்குறியோடு நின்றுபோகும் பதிவுகளில் பெரும்பாலானவை காலின் நிறத்தை நம்பியதால் வந்தவை. சேறு அப்பிக் காய்ந்த கால் எந்த நிறத்தையும் காட்டும். மாலை வெயிலில் மஞ்சள் கால் சிவப்பாகும். ரஃப் உள்ளானில் இளம்பறவைக்குப் பச்சை கலந்த மஞ்சள் கால், வளர்ந்த பறவைக்கு ஆரஞ்சோ சிவப்போ. போதாதற்கு ஆண் பெண்ணைவிட மிகப் பெரிது. ஒரே கூட்டத்தில் இரண்டையும் பார்க்கிறவர் இரண்டு இனம் என்று எழுதிவிடுகிறார். ரஃப்புக்குச் சிறிய தலை, சற்றே தாழ்ந்த குட்டை அலகு, முதுகில் செதில் செதிலாக இறகு விளிம்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் கால் எந்த நிறமாக இருந்தாலும் அது ரஃப்தான்.

பவளக்காலியும் புள்ளிப் பவளக்காலியும் அடுத்த குழப்பம். முன்னது நமக்குப் பழகியது, பின்னது எண்ணிக்கையில் குறைவு. நின்றிருக்கும்போது அலகைப் பாருங்கள். பவளக்காலிக்கு மேல் அலகு, கீழ் அலகு இரண்டின் அடியிலும் சிவப்பு இருக்கும். புள்ளிப் பவளக்காலிக்குக் கீழ் அலகின் அடியில் மட்டும் சிவப்பு. அலகு இன்னும் நீளமாக, ஊசிபோல் மெலிந்து, நுனியில் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். கண்ணுக்கு முன்னால் வெள்ளைப் புருவம் பளிச்சென்று தெரியும். வயிறு நனையும் ஆழத்திலும் நடக்கும், நீந்தவும் செய்யும். பறக்கும்போது சந்தேகமே மிஞ்சாது. பவளக்காலியின் இறக்கைப் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை உண்டு. மற்றதற்கு அது கிடையாது, முதுகில் நீள்வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் தெரியும். ஏப்ரலில் புள்ளிப் பவளக்காலி உடல் முழுக்கக் கரியாகக் கறுத்துவிடும். அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டால் வேறு எதுவோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

எல்லோரும் காண விரும்பும் ஆசிய டோவிட்சரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மங்கோலியா, சைபீரியா, வடகிழக்குச் சீனப் புல்வெளி ஈரநிலங்களில் முட்டையிட்டு, குளிர்காலத்தில் தெற்கே இறங்கும் பறவை இது. உலக அளவில் அழிவு அச்சுறுத்தலுக்கு அருகில் இருப்பதாக வகைப்படுத்தப்பட்டது. இந்தியாவில் கிழக்குக் கரையில், அதுவும் குறைந்த எண்ணிக்கையில் தென்படுவது. மூக்கன் கூட்டத்தோடு கலந்து நிற்கும் என்பதால்தான் கண்ணுக்குத் தப்புகிறது. எனவே மூக்கன் கூட்டம் எங்கே இருந்தாலும் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். எண்ணும்போதுதான் வித்தியாசமான ஒன்று பிடிபடும்.

என்னென்ன பார்க்க வேண்டும்? மூக்கனைவிடச் சற்றுச் சிறிய உடல், குட்டையான கால். அதனால் ஒரே ஆழத்தில் நின்றாலும் இதன் வயிறு தண்ணீருக்கு அருகில் இருக்கும். அலகு நேராக, அடி முதல் நுனி வரை கறுப்பாக, நுனி சற்றுப் பருத்து மழுங்கியிருக்கும். கருவால் மூக்கனின் அலகுக்கு அடிப்பாதி இளஞ்சிவப்பு. பட்டைவால் மூக்கனுக்கும் அடியில் இளஞ்சிவப்பு உண்டு, கூடவே நுனி லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். பறக்கும்போது கருவால் மூக்கனின் இறக்கையில் வெள்ளைப் பட்டை கண்ணைப் பறிக்கும், வாலின் முனை கறுப்பு. டோவிட்சருக்கு அப்படி எடுப்பான பட்டை இல்லை. இறக்கையின் அடிப்புறம் வெளுத்திருக்கும், வாலில் குறுக்குக் கோடுகள் இருக்கும்.

எல்லாவற்றையும்விட எளிதான அடையாளம் அது மேயும் விதம். தையல் மெஷின் ஊசி இறங்கி ஏறுவதுபோல, அலகைச் செங்குத்தாக வைத்துக்கொண்டு இடைவிடாமல் குத்திக்கொண்டே முன்னால் நகரும். இரு மூக்கன்களும் தலையைச் சாய்த்து, ஓரிடத்தில் ஆழமாகச் செருகித் துழாவும், நிமிரும், பிறகு நகரும். அரை நிமிட வீடியோ எடுத்தால் இந்த வேறுபாடு யார் கண்ணுக்கும் தெரியும். பத்து மங்கலான படங்களைவிட அந்த அரை நிமிடம் மேல். இங்கே ஒரு பொறி உண்டு. சேறு அப்பிய மூக்கனின் அலகும் முழுக் கறுப்பாகத் தெரியும். பறவை அலகைத் தண்ணீரில் அலசும்வரை காத்திருங்கள். கரைப்பறவைகள் அடிக்கடி அலசும்.

கோரை உள்ளானையும் ஊசிவால் உள்ளானையும் உட்கார்ந்திருக்கும் படத்தை வைத்துப் பிரிக்க முயலாதீர்கள். எழும்பிப் பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு தெளிவாக இருந்து, அடிப்புறத்தில் வெள்ளைப் பட்டைகள் தெரிந்தால் கோரை உள்ளான். வெள்ளை விளிம்பு இல்லாமல் அடிப்புறம் சீராகக் கருத்திருந்தால் ஊசிவாலோ, அதற்கு மிக நெருங்கிய ஸ்வின்ஹோ உள்ளானோ. அந்த இரண்டையும் விரித்த வாலின் படம் இல்லாமல் பிரிக்க வேண்டாம். "ஊசிவால் அல்லது ஸ்வின்ஹோ" என்று எழுதுவதில் எந்தக் குறைச்சலும் இல்லை. நேர்மையான பதிவு அதுதான்.

இறக்கையும் வாலும் வேண்டும் என்று இத்தனை தடவை சொல்கிறோம். அதைப் படித்துவிட்டுப் பறவையை எழுப்பிவிட வேண்டும் என்று நினைத்தால் எங்கள் நோக்கமே பாழ். கல்லெறிவது, கைதட்டுவது, வரப்பில் இறங்கி நெருங்குவது எதுவும் தேவையில்லை. கரைப்பறவை குளித்து இறகு கோதி முடித்ததும் உடலை உயர்த்தி இரண்டு மூன்று முறை இறக்கையை விரித்து உதறும். தூங்கி எழுந்ததும் ஒரு பக்க இறக்கையையும் காலையும் பின்னால் நீட்டிச் சோம்பல் முறிக்கும். பறவை தலையைத் தண்ணீருக்குள் முக்கிக் குளிக்கத் தொடங்கியதும் ஷட்டர் வேகத்தை 1/2000-க்கு ஏற்றி, தொடர் படப்பிடிப்பில் வைத்துக் காத்திருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறக்கையின் மேல்புறம், அடிப்புறம், சில நேரம் வால், எல்லாமே கிடைத்துவிடும். கழுகோ சேற்றுப் பூனைப்பருந்தோ மேலே வந்தால் கூட்டம் தானாகவே எழும். அந்த இரண்டு விநாடிக்கும் தயாராக இருங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடி சாலை சதுப்பைக் கிழக்கு மேற்காக வெட்டிக்கொண்டு போகிறது. குளிர்காலத்தில் சூரியன் நாள் முழுக்கத் தெற்குச் சாய்வில்தான் நகரும். ஆகவே சாலையிலிருந்து வடக்கே பார்த்தால் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நிறம் நம்பத்தக்கது. தெற்கே பார்த்தால் கிடைப்பது பெரும்பாலும் நிழலுருவம். அதில் அலகின் வடிவத்தை நம்பலாம், நிறத்தை நம்ப வேண்டாம். ஒன்பது மணிக்கு மேல் கானல் ஆடத் தொடங்கும். 60 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பாக (முக்காலித் தொலைநோக்கி) இருந்தாலும் அப்போது 30-க்குக் கீழே இறக்கினால்தான் உருவம் நிலைக்கும். கானலில் நேரான அலகு வளைந்தது போலவும் வளைந்தது நேரானது போலவும் தெரியும். நண்பகல் படத்தை வைத்து அலகைப் பற்றி வாதாடாதீர்கள். கனரக வண்டிகள் போகும் சாலையோரத்தில் முக்காலி அதிரும், கால்களை முழுதாக நீட்டாமல் தாழ்வாக வையுங்கள்.

எடுத்த படத்தை ஏஐ கூர்மையாக்கும் செயலியில் போட்டபின் அடையாளத்துக்கு அனுப்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தயவுசெய்து வேண்டாம். தூரத்துப் பறவையில் இல்லாத இறகு விளிம்புகளை அந்தச் செயலி தானாக வரைந்து சேர்க்கிறது. உள்ளான்களை அடையாளம் காண இறகு விளிம்பு மிக முக்கியம். மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள், அனுப்புவதற்கு அதிலிருந்து வெட்டியெடுத்த பகுதி போதும். கேமராவின் கடிகாரத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மெர்லின் போன்ற செயலி சொல்லும் பெயர் ஒரு யோசனை, தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பறவையைப் பார்த்த இடத்திலேயே, படத்தைத் திரும்பப் பார்ப்பதற்கு முன், கையேட்டையும் திறப்பதற்கு முன், ஐந்து வரி எழுதிவிடுங்கள். பக்கத்தில் நின்ற பழகிய பறவையோடு ஒப்பிட்டால் அளவு என்ன, அலகு தலையைப்போல் எத்தனை மடங்கு நீளம், எப்படி மேய்ந்தது, குரல் எழுப்பியதா, எத்தனை விரற்கடைத் தண்ணீர். கையேட்டைத் திறந்த பிறகு எழுதினால், கண்ணில் பட்டதை விட்டுவிட்டுப் புத்தகத்தில் இருப்பதை எழுதிவிடுவோம். எல்லோருக்கும் நேர்வது இது.

காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வளையமோ வண்ணக் கொடியோ இருந்தால் இனத்தின் பெயரைக்கூட இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். பறவையின் இடது காலா வலது காலா (நம் இடது வலது இல்லை), மூட்டுக்கு மேலேயா கீழேயா, என்ன நிறம், இரண்டு இருந்தால் மேலிருந்து கீழாக எந்த வரிசை, எழுத்து இருந்தால் என்ன எழுத்து. உலோக வளையத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பெயர் இருந்தால் அவர்களுக்கு எழுதுங்கள். எழுத்து படிக்க முடியாவிட்டாலும் நிறமும் இடமும் பயன்படும்.

பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் தளத்தில் ஏற்றும்போது ஒரு அரிய பறவையை மட்டும் தனியாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கூட நின்ற நூறு பொரி உள்ளானையும் நாற்பது மூக்கனையும் எண்ணிப் போடுங்கள். பள்ளிக்கரணை 2022-இல் 1,247.54 ஹெக்டேர் பரப்போடு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ராம்சர் அளவுகோல்களில் ஒன்று, ஓர் இனத்தின் மொத்த எண்ணிக்கையில் ஒரு சதவீதமாவது அந்த இடத்தில் வழக்கமாகத் தங்குகிறதா என்பது. இன்னொன்று, நீர்ப்பறவைகள் இருபதாயிரத்தைத் தாண்டுகின்றனவா என்பது. இரண்டுக்கும் வேண்டியது சாதாரணப் பறவைகளின் எண்ணிக்கைதான். எண்ணுக்குப் பதில் வெறும் எக்ஸ் குறி போட்டால் அந்தப் பதிவு இந்தக் கணக்கில் சேராது.

இடத்தைப் பகிர்வதில் எங்கள் கருத்து உறுதியானது. கோடையில் முட்டையிடும் நெடுங்கால் உள்ளான், மயில் உள்ளான், ஆள்காட்டி ஆகியவற்றின் கூட்டிடத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். வலசை வந்த அரிய பறவை சாலையிலிருந்தே தெரியும் இடத்தில் இருந்தால் சொல்லலாம். உள்ளே இறங்கினால்தான் தெரியும் என்றால் இரண்டு வாரம் பொறுத்துச் சொல்லுங்கள். சதுப்பின் பெரும்பகுதி காப்புக்காடு, அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம். டிரோன் பறக்கவிட்டால் சுற்றிலும் இருக்கும் கூட்டம் முழுவதும் எழுந்துவிடும். மார்ச், ஏப்ரலில் இந்தப் பறவைகள் ஆயிரக்கணக்கான கி.மீ. திரும்பிப் போவதற்காகக் கொழுப்பு ஏற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஒவ்வொரு முறை எழுப்புவதும் அந்தச் சேமிப்பிலிருந்து பிடுங்குவதுதான். பறவை மேய்வதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். பவளக்காலியாக இருந்தால் உடலை மேலும் கீழும் ஆட்டும். இரண்டடி பின்னால் வாருங்கள், மறுபடி மேயத் தொடங்கும்.

எங்கே போய் நிற்பது, எப்போது? ஆகஸ்டுக் கடைசியில் பொரி உள்ளான்கள் வந்துவிடும். செப்டம்பரில் மற்றவை. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் சேறு மூழ்கி, கூட்டம் சிதறிப் போகும். நவம்பர், டிசம்பரில் பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர்ப் பக்கத்து ஓரங்களிலும், கேளம்பாக்கம் உப்பங்கழியிலும், வடக்கே பழவேற்காட்டிலும் பாருங்கள். பொங்கலுக்குப் பிறகு தண்ணீர் இறங்க இறங்க, சம்புப் புதருக்கும் திறந்த தண்ணீருக்கும் நடுவே ஒரு சேற்று ஓரம் வெளிப்படும். அந்த ஓரம் வாரத்துக்கு வாரம் நகரும். பறவையும் அதோடு நகரும். சென்ற வாரம் பார்த்த இடத்தில் மறுபடி போய் நின்று ஏமாறுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

ஆகவே வரும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, மாதம் இரண்டு காலை, ஒரே நான்கு இடங்களில் நின்று, அந்த ஓரத்தை மட்டும் எண்ணித் தாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் இருபது நிமிடம் போதும். இனம், எண்ணிக்கை, விரற்கடை, சேற்று ஓரம் எத்தனை மீட்டர் அகலம் என்பது கண் மதிப்பாக. ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் நாளை அதில் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். மே மாதம் அத்தனை பேரின் எண்களையும் ஒரே வரைபடத்தில் ஏற்றி, எந்த இடங்களில் ஏழு விரற்கடைக்கு மேல் ஆழம் கூடக் கூடாது என்று இடம் குறித்து வனத்துறைக்கும் மாநில சதுப்புநில ஆணையத்துக்கும் கொடுப்போம். அடுத்த ஆழப்படுத்தும் திட்டம் மேசைக்கு வரும்போது அந்த வரைபடமும் அதே மேசையில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
பள்ளிக்கரணையில் பறவைகளை எண்ணிவரும் சிலர்
சென்னை